வெள்ளத்தில் நனைந்த நான்கு ஜோடி

2023 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில், வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் தரைத்தள வீட்டின் கூடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. சான்றிதழ்களையும் அரிசி மூட்டையையும் மிக்ஸியையும் பரணில் ஏற்றிய பரபரப்பில் வாசலோரம் இருந்த ஷூ அலமாரியை யாரும் நினைக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது அது கவிழ்ந்து, சேற்றோடு சேறாகக் கிடந்தது. அதற்குள் நான்கு ஜோடிகள் இருந்தன: மகளின் பள்ளிக்கூட வெள்ளைக் கான்வாஸ் ஷூ, நான் காலை நடைக்குப் போட்டுக்கொள்ளும் வலைத்துணி ஓட்ட ஷூ, மனைவி எனக்குப் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த வெள்ளைத் தோல் ஸ்னீக்கர், 2014-இல் பதவி உயர்வு கிடைத்த மாதம் ஆசையாக வாங்கி, விசேஷ நாட்களுக்கென்று அட்டைப் பெட்டியிலேயே பாதுகாத்து வைத்திருந்த ஒரு ஜோடி. குளிர்சாதனப் பெட்டியும் மெத்தைகளும் போய்விட்ட மாதத்தில் நான்கு ஜோடி ஷூக்களையும் புதிதாக வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. அப்படித்தான் இந்த வேலை என் கைக்கு வந்தது.

முதல் நாள் செய்யவேண்டியதை, அதிர்ஷ்டவசமாக, சரியாகவே செய்தேன். சேறு காய்ந்து இறுகுவதற்கு முன்பே எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசினேன். நாடாவை உருவி, இன்சோலை வெளியே எடுத்து, ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். தாள் ஈரத்தை உறிஞ்சி நமத்துப்போகும். அதை அப்படியே விட்டால் அந்த ஈரமே மறுபடி ஷூவுக்குள் தங்கி நாற்றத்தையும் பூஞ்சையையும் கொண்டுவரும். எனவே முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றிக்கொண்டே இருந்தேன். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று அம்மா சொன்னார், நியாயமான பேச்சுதான். ஆனால் பெரும்பாலான ஸ்னீக்கர்களில் மேல்பாகத்தையும் சோலையும் சேர்த்துப் பிடிப்பது பசை மட்டுமே. அந்தப் பசை சூட்டில் இளகும். ஏற்கெனவே மூன்று நாள் ஊறிய பசையை மொட்டை மாடித் தளத்தின் சூட்டில் வைப்பது, இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதியையும் நாமே பிரித்துவிடுவதற்குச் சமம். துணிக் கான்வாஸ் தவிர மற்ற மூன்றும் நிழலில், காற்றில், முழுதாக நான்கு நாள் காய்ந்தன.

காய்ந்தபின் நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், ஒரே தண்ணீரில் ஒரே அளவு நேரம் கிடந்த நான்கும் நான்கு விதமாகக் கெட்டிருப்பது தெரிந்தது. கான்வாஸ் ஷூவின் சோல் இம்மியும் பிரியவில்லை. ஓட்ட ஷூவின் வலது கால் முனை, மீன் வாயைப் போல இரண்டு அங்குலம் திறந்திருந்தது. தோல் ஷூவின் சோல் கெட்டியாக இருந்தது, ஆனால் உள்துணியில் சாம்பல் நிறப் பூஞ்சை. பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததோ வேறு கதை. எதனால் செய்யப்பட்டது, எப்படிச் சேர்க்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் பசையையோ பிரஷ்ஷையோ கையில் எடுக்கக்கூடாது என்பதை நான் கற்றது இந்த வரிசையிலிருந்துதான். ஆனால் உடனே கற்றுவிடவில்லை. ஒரு ஷூவைக் கெடுத்தபின் கற்றேன்.

கான்வாஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த வகை ஷூவில் ரப்பர் சோலையும் சுற்றிவரும் ரப்பர் பட்டையையும் துணியோடு சேர்த்து, கந்தகம் கலந்த ரப்பரைச் சூட்டில் வேகவைத்து இறுக்குகிறார்கள். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த அந்த முறையில் ஒன்றான சோலைத் தண்ணீர் எளிதில் பிரிக்காது. பிரச்சினை முழுக்கத் துணியில்தான். சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, ஏதோ அலசினேன் என்று பெயர் பண்ணி வெயிலில் காயவைத்ததில், மாலையில் பார்த்தால் விளிம்பெல்லாம் மஞ்சள் கோடு. சோப்பின் மிச்சமும் இழைக்குள் தங்கிய அழுக்கும் ஈரத்தோடு நகர்ந்து, கடைசியாகக் காயும் இடத்தில் வந்து படிவதால் ஏற்படும் கறை அது. மறுபடி நனைத்து, இரண்டு மூடி வினிகர் கலந்த ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கு முறை அலசினேன். பிறகு ஈரத்தோடேயே வெள்ளை டிஷ்யூ தாளைத் துணிமீது இடைவெளி இல்லாமல் ஒட்டிச் சுற்றி நிழலில் வைத்தேன். காயும்போது ஈரம் துணியைத் தாண்டித் தாளுக்கு வருவதால், மஞ்சள் தாளில் ஏறியது, துணி தப்பியது. கடைசி அலசலில் சொட்டு நீலம் சேர்ப்பதாக இருந்தால் தண்ணீரில் நன்றாகக் கலக்கியபின்தான் ஷூவை உள்ளே விடவேண்டும். நேரே பட்ட ஒரு சொட்டு இன்றும் மகளின் இடது ஷூவில் குதிகால் பக்கம் நீலப் புள்ளியாக இருக்கிறது.

ஓட்ட ஷூவில்தான் நான் தவறினேன். திறந்திருந்த முனையைப் பார்த்ததும், வீட்டில் இருந்த உடனடிப் பசையைச் சொட்டுவிட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். கல்லாக ஒட்டியது, மிகுந்த நிறைவாக இருந்தது. பத்தாம் நாள், வேளச்சேரி ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது முன்பாதம் வளைந்த இடத்தில் சடக்கென்று ஒரு சத்தம். அந்த வகைப் பசை காய்ந்தால் கண்ணாடி போலக் கெட்டியாகும், வளையாது. ஷூவோ ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் வளைகிறது. உடைந்த பசையின் கூரிய விளிம்பு வலைத்துணியையும் அரைத்து ஒரு சிறு கிழிசலை உண்டாக்கியிருந்தது. அதை அகற்ற நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தபோது, பசை இளகியது. கூடவே முனையில் இருந்த பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சும் இளகிச் சுருங்கியது. அரை மணி நேர அவசரத்தால், ஒரு சாதாரணப் பிரிவு மூன்று சேதங்களாக ஆனது.

அந்த நிலையில்தான் நிலையத்துக்கு அருகே நடைபாதையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். இளவயதில் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் சோல் ஒட்டும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் ஷூவை வாங்கியதும் பிரிந்த வாயைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் சோலின் பக்கவாட்டை அழுத்தி, நுரை திரும்ப எழுகிறதா என்று பார்த்தார். பிறகு, "இது நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க ஒட்டினது சோல்ல இல்ல, பழைய பசை மேல ஒட்டிருக்கீங்க" என்றார். ஒட்டித் தருமாறு கேட்டேன். "நானே ஒட்டித் தந்துடலாம்தான். ஆனா வீட்ல இன்னும் இருக்குன்னு சொல்றீங்களே, கத்துக்குங்க" என்று சொல்லி, வாடிக்கையாளர் இல்லாத அந்த மதிய வேளையில் ஒன்றரை மணி நேரம் எனக்காகச் செலவிட்டார். நான் கீழே எழுதும் முறை அவருடையது. கூலி வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பெரிதும் வற்புறுத்த வேண்டியிருந்தது.

முதலில், பிரிந்த இடத்தை மேலும் பிரிக்கவேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும், ஆனால் இரண்டு அங்குலம் திறந்திருந்தால் அதையொட்டி இன்னும் அரை அங்குலம் பலவீனமாக இருக்கும். மழுங்கிய கத்தியால் மெல்ல நெம்பி, உண்மையில் பிடிப்பு உள்ள இடம் வரைக்கும் திறந்துகொள்ள வேண்டும். உள்ளே பார்த்தால் தொழிற்சாலைப் பசை ஒரு மெல்லிய மினுக்கும் ஏடாகப் படிந்திருக்கும். அதை முழுவதும் சுரண்டி எடுத்து, 80-ஆம் எண் உப்புத்தாளால் இருபக்கமும் தேய்த்து, மினுமினுப்பு மறைந்து மேற்பரப்பு மங்கலாகச் சொரசொரப்பாகும்வரை விடக்கூடாது. ஓட்ட ஷூக்களின் நுரை பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்று கடைகளில் சொல்லப்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட். அதன் வழுவழுப்பான தோலில் பசை எளிதில் பற்றாது என்பதால் தொழிற்சாலையில் பசைக்கு முன் பிரைமர் என்ற முதல்பூச்சைப் பூசுகிறார்கள். வீட்டில் நமக்கு உப்புத்தாள்தான் முதல் துணை. தேய்த்த தூளைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தபின் அந்த இடத்தில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே போதும், ஒட்டு நிற்காமல் போக.

பசையை வாங்க பெரியமேட்டுக்குப் போனேன். சென்ட்ரலுக்குப் பின்னால் தோலும் சோலும் நூலும் பசையும் விற்கும் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் பகுதி அது. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "ஒட்டறது ரப்பர் மேலயா, ஈ.வி.ஏ. மேலயா?" என்பதுதான். ரப்பருக்கும் தோலுக்கும் நியோப்ரீன் வகைப் பசை போதும், ஈ.வி.ஏ.வுக்கு அதற்கான பிரைமரும் பாலியூரித்தேன் வகைப் பசையும் கொடுத்தார். இரண்டு பசைகளுமே காய்ந்தபின் வளையக்கூடியவை. எந்தப் பசையானாலும் இரு பரப்பிலும் பூசிக் காயவிட்டு, பிறகுதான் சேர்க்கவேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்துவது எல்லோரும் செய்யும் பிழை. பசையை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் உள்ளே சிக்கி, வெளியேற வழியின்றி, ஒட்டு வாரக்கணக்கில் கொழகொழவென்றே இருக்கும்.

மெல்லிய பூச்சு ஒன்று. துணிப்பக்கம் அதைக் குடித்துவிடும் என்பதால் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. பிறகு காத்திருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குப் பெரியவர் கடிகாரத்தைச் சொல்லவில்லை. "விரலை வெச்சுப் பாருங்க. விரலை இழுக்கணும், ஆனா விரல்ல வரக்கூடாது" என்றார். அந்த ஒரு பக்குவம், பாகு பதம் பார்ப்பது போலத்தான், கைக்குத்தான் தெரியும். பதினைந்து நிமிடம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், மழைக்கால ஈரக்காற்றில் எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அடைமழை நாளில் ஒட்டாமல் இருப்பதே நல்லது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பசைமேல் பனித்துவிடும்.

பக்குவம் வந்ததும் ஹேர் டிரையரால் இருபரப்பையும் ஒரு நிமிடம் சூடுகாட்டினேன். ஆம்பூரில் பசை பூசிய சோலும் மேல்பாகமும் சூடான சுரங்கம் போன்ற இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்ததும் அழுத்தப் பொறியில் வைக்கப்படும் என்று பெரியவர் விவரித்திருந்தார். சூட்டில் உயிர்பெற்ற பசை, அழுத்தத்தில் ஒன்றுகூடும். சேர்க்கும்போது முனையிலிருந்து தொடங்கிப் பக்கங்களுக்கு வரவேண்டும். ஒருமுறை தொட்டால் நகர்த்த முடியாது, ஆகவே முன்பே உலர்வாக ஒருமுறை வைத்துப் பார்த்து, பொருந்தும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஷூவுக்குள் துணியை இறுகச் சுருட்டி அடைத்து, வெளியே பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, கட்டுப்போடுவது போல இழுத்து இழுத்துச் சுற்றினேன். இரும்புப் பிடிப்பான்கள் மென்மையான நுரையில் பள்ளம் விழச்செய்யும். டியூபோ எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்கும். இருபத்துநான்கு மணி நேரம் பிரிக்கவில்லை, இரண்டு நாள் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தப் பசைகளின் ஆவி எளிதில் தீப்பிடிக்கக்கூடியது, மூடிய அறையில் தலையையும் சுற்றவைக்கும். எங்கள் வீட்டில் அது மார்கழி. பூஜை அலமாரியில் காலையும் மாலையும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எனவே பசை டப்பாவை நான் மொட்டை மாடி நிழலைத் தவிர வேறெங்கும் திறக்கவில்லை. ஆவி ஓரளவு அடங்கியபின் மட்டுமே டிரையரை இயக்கினேன். மகளை மாடிப்பக்கமே விடவில்லை.

தோல் ஸ்னீக்கருக்கு வேண்டியது பசையல்ல, பொறுமை. அதன் சோல் கிண்ணம் போல் மேல்பாகத்தைத் தாங்கி, சுற்றிலும் தைக்கப்பட்டது, அதனால்தான் பிரியவில்லை. பூஞ்சையை வீட்டுக்குள் தட்டினால் அதன் துகள் எல்லா இடமும் பரவும் என்பதால் வெளியே வைத்து, 70 சதவீத ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, மறுநாள் திரும்பவும் துடைத்தேன். நனைந்து காய்ந்த தோல் எண்ணெய்ப்பசையை இழந்து விறைத்திருந்தது. நிறமற்ற ஷூ கிரீமை மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை, விரலாலேயே தேய்த்தேன். குதிகாலின் உள்துணி முன்பே தேய்ந்து நுரை தெரிந்துகொண்டிருந்தது. பெரியமேட்டில் எடைக்கு வாங்கிய துண்டுத்தோலில் மெல்லிய ஆட்டுத்தோலாகப் பார்த்து, முட்டை வடிவில் வெட்டி, ஓரங்களைக் கத்தியால் சீவி மெல்லியதாக்கி உள்ளே ஒட்டினேன். ஓரம் சீவாமல் ஒட்டினால் அந்தத் தடிப்பே குதிகாலைக் கடிக்கும்.

கால்விரல் மடியும் இடத்தில் வெண்பூச்சு வெடித்திருந்தது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினேன். மூன்றே நாளில் செதில் செதிலாக உதிர்ந்தது. தோலுக்கென்று தயாராகும் வளையும் தன்மையுள்ள வண்ணம்தான் நிற்கும். பூசுவதற்கு முன் பழைய பூச்சின் மெருகை அசிட்டோனால் நீக்கி, மிக மெல்லியதாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே இருபது நிமிடம். இதில் நான் அனுபவித்த முக்கியமான சங்கதி நிறம். ஐந்து வருடம் அணிந்த வெள்ளை ஷூ வெள்ளையாக இருப்பதில்லை. பால் நிறத்துக்கும் தயிர் நிறத்துக்கும் இடையே எங்கோ இருக்கிறது. டப்பாவில் உள்ள தூய வெள்ளையை அதன்மேல் பூசினால் பிளாஸ்திரி ஒட்டியது போல் தனியே துருத்தும். ஒரு கரண்டி வெள்ளைக்குப் பல்குச்சி நுனியளவு மஞ்சளும் அதில் பாதி பழுப்பும் கலந்து, காகிதத்தில் பூசிக் காயவைத்து, ஷூவின் அருகே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறாவது கலவை பொருந்தியது.

மஞ்சளித்த சோலை வெளுக்க, அழகு நிலையங்களுக்குப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பயன்படுத்தினேன். 40 வால்யூம், அதாவது 12 சதவீதம் உள்ளது. நம் கைத்தோலில் பட்டால் வெந்து வெளுக்கும், கையுறை அவசியம். மேல்பாகம் முழுவதையும் டேப்பால் மறைத்து, சோலில் கிரீமைத் தடவி, உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடி வெயிலில் வைக்கவேண்டும். முதல்முறை உறை ஓரிடத்தில் விலகிக் கிரீம் காய்ந்ததால், அந்த இடம் திட்டுத்திட்டாக வெளுத்து, பளிங்குக்கல் போல வரிவரியாக ஆகிவிட்டது. அதைச் சமன்செய்ய இன்னும் இரண்டு முறை செய்ய நேர்ந்தது. சூடு பசைக்கு ஆகாது என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும் என்பதால், காலை எட்டு மணி வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை. ரப்பர் ஆக்சிஜனோடு வினைபுரிவது நிற்காது. ஓராண்டில் மஞ்சள் சிறிது திரும்பியிருக்கிறது. குளோரின் பிளீச்சை மட்டும் யாரும் தொடவேண்டாம். அது செயற்கை இழையையும் ரப்பரையும் கூடுதலாக மஞ்சளாக்கும்.

கடைசியாக, பெட்டி ஜோடி. பார்வைக்கு நான்கில் அதுதான் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. மேல்பாகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பெரியவர் காட்டியது போலச் சோலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. எடுத்தபோது அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. விரலில் நமத்துப்போன ரஸ்க் துகளைப் போல, லேசாகப் பிசுபிசுக்கும் பழுப்புத் தூள். பசை போட்டால் எதில் ஒட்டும்? ஒட்டவேண்டிய பொருளே அங்கு இல்லை. அந்த நுரை பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். வெள்ளம் அதைக் கெடுக்கவில்லை, சென்னைக் காற்று ஒன்பது வருடமாக மூடிய பெட்டிக்குள் கெடுத்ததை வெள்ளம் காட்டிக்கொடுத்தது. எந்த ஷூவை நான் தேய்த்துத் தேய்த்து நடந்தேனோ அது பிழைத்துக்கொண்டது; எதைத் தொடாமல் பொத்திவைத்தேனோ அது போயிற்று. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவரிடமே கொண்டுபோனேன். நொறுங்கிய நுரையை முழுவதும் கிள்ளியெடுத்து, மைக்ரோ ரப்பர் தகட்டில் கால் அளவுக்கு இரண்டு அடுக்கு வெட்டி ஒட்டி, அடியில் கோடுபோட்ட ரப்பர் வைத்து, குத்தூசியால் சுற்றிலும் மெழுகு தடவிய நைலான் நூலில் தைத்துத் தந்தார். பழைய உருவம் அதற்கு இல்லை, குதிகால் உயரம் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது அதை நான் மார்க்கெட்டுக்கும் மாடிக்கும் தினமும் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தபோது எங்கள் பகுதியினர் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். நான் பழக்கூடை ஒன்றில், அட்டைப்பெட்டியும் மூடியும் இல்லாமல், நான்கு ஜோடிகளையும் காற்றாட அடுக்கிப் பரணில் ஏற்றினேன். "அப்பா, என் ஷூவை வெச்சாச்சா?" என்று மகள் கீழேயிருந்து கேட்டாள். வைப்பதற்கு முன் ஓட்ட ஷூவின் வலது முனையைப் பிடித்து, ஏறக்குறைய இரண்டாக மடியும்வரை வளைத்துப் பார்த்தேன். பத்து மாதம் நடந்த பின்னும் அந்த ஒட்டில் மயிரிழை அளவுகூடப் பிளவு இல்லை.